உரக் கணக்கு சொல்லும் மினி ஆப்: டெலிகிராம், வாட்ஸ்அப் உரையாடலுக்குள் நாமே உருவாக்குவது எப்படி?

இன்று பெரும்பாலான கிராமங்களில் விவசாயிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் ஒருவர், "ஒன்றரை ஏக்கர் நெல்லுக்கு எவ்வளவு யூரியா போடணும்?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பத்து பதில் வரும். ஒருவர் மூட்டையில் சொல்வார், இன்னொருவர் கிலோவில் சொல்வார். கேட்டவரின் நிலம் எவ்வளவு, ரகம் என்ன, அடியுரம் என்ன போட்டார் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்பார்.

திரும்பத் திரும்ப வரும் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு, உரையாடலுக்குள்ளேயே இயங்கும் மினி ஆப் நல்ல தீர்வு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், ஆர்வலர் குழுக்களும், கணினி படித்த பிள்ளைகள் உள்ள குடும்பங்களும் இதை அதிகச் செலவில்லாமல் உருவாக்க முடியும். நிரல் எழுதுவதை இளைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் என்ன கேட்பது, எந்தக் கணக்கைப் போடுவது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை விவசாயிகள்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பகுதி சரியாக இல்லாவிட்டால், அழகான ஆப் கூடத் தவறான அளவைத்தான் சொல்லும். ஒருவர் தவறாகச் சொன்னால் ஒரு வயல் பாதிக்கும். ஆப் தவறாகச் சொன்னால் அதைப் பயன்படுத்தும் அத்தனை வயல்களும் பாதிக்கும். எனவே இந்தக் கட்டுரை நிரலைவிடக் கணக்குக்கே அதிக இடம் தருகிறது.

மினி ஆப் என்றால் என்ன?

செல்போனில் தனியாகப் பதிவிறக்கம் செய்யாமல், நாம் பேசிக்கொண்டிருக்கும் அரட்டைச் செயலிக்குள்ளேயே திறந்து வேலை செய்யும் சிறு செயலியே மினி ஆப். சீனாவின் வீசாட் செயலி 2017 ஜனவரியில் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. வீசாட் செயலிக்கு இந்தியாவில் 2020 ஜூன் முதல் தடை இருக்கிறது. நம்மிடம் புழக்கத்தில் உள்ளவை டெலிகிராமும் வாட்ஸ்அப்பும்தான்.

டெலிகிராம் 2015ல் 'பாட்' எனப்படும் தானியங்கிப் பதில் கணக்குகளை அனுமதித்தது. 2022 ஏப்ரலில் அந்த உரையாடலுக்குள் முழு இணையப் பக்கத்தையே திறக்கும் வசதி வந்தது. வாட்ஸ்அப் 2023 செப்டம்பரில் மும்பையில் 'ஃப்ளோஸ்' என்ற வசதியை அறிவித்தது. உரையாடலை விட்டு வெளியே போகாமல் படிவத்தை நிரப்ப இது உதவுகிறது. பிஎம் கிசான் திட்டம் பற்றிய கேள்விகளுக்குத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பதில் சொல்லும் மத்திய அரசின் கிசான் இ-மித்ராவும், மனிதர் கேட்க எந்திரம் பதில் சொல்லும் இதே முறையில் இயங்குவதுதான்.

விவசாயிக்குப் பயன்படும் மினி ஆப்களை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

1. பொத்தான் உரையாடல்: ஆப் கேள்வி கேட்கும். விவசாயி பொத்தானை அழுத்துவார். இரண்டு மூன்று கேள்விகளில் பதில் கிடைக்கும்.
2. சிறு படிவம்: ஒரே பக்கத்தில் நில அளவு, பயிர், உரம் ஆகியவற்றைக் கொடுத்தால் கணக்கு வரும்.
3. பதிவேடு: உழவு, விதைப்பு, கூலி, விற்பனை போன்றவற்றைத் தேதி வாரியாகக் குறித்து வைக்கும்.

முதல் முயற்சிக்கு முதல் வகை போதும். அது நன்றாக நடந்தபின் இரண்டாவதுக்குப் போகலாம். மூன்றாவது வகையில் மற்றவர்களின் விவரங்களைச் சேமிக்க வேண்டியிருப்பதால் பொறுப்பும் அதிகம். அதை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம்.

ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

'விவசாயிக்குத் தேவையான எல்லாம்' என்று தொடங்கும் ஆப்கள் பாதியில் நின்றுவிடும். உர இருப்பு, சந்தை விலை, வானிலை போன்றவை தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் ஏற்கெனவே கிடைக்கின்றன. அவற்றைத் திரும்பச் செய்வதில் பயனில்லை.

உங்கள் குழுவில் கடந்த இரண்டு மாதங்களில் வந்த கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். அதிகம் வந்த கேள்வி எது? அதற்கான பதில் ஒரு அட்டவணையிலிருந்தும் ஒரு கணக்கிலிருந்தும் கிடைக்கக்கூடியதா? ஆம் என்றால் அது ஆப்புக்கு ஏற்ற கேள்வி. "இலை மஞ்சளாக இருக்கிறது, என்ன செய்வது?" என்பது ஏற்றதல்ல. தழைச்சத்துக் குறைவு, துத்தநாகக் குறைவு, தண்ணீர் தேங்குதல், பூச்சி, நோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வயலைப் பார்த்துத்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஏற்ற கேள்விகளுக்குச் சில உதாரணங்கள்:

- என் நிலத்துக்கு எத்தனை கிலோ யூரியா, டிஏபி, பொட்டாஷ்?
- என் நிலத்துக்கு எவ்வளவு விதை?
- 3 சத பஞ்சகவ்யா தெளிக்க என் டேங்குக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும்?
- குறிப்பிட்ட இடைவெளியில் நட்டால் ஒரு ஏக்கருக்கு எத்தனை கன்று?

இந்தக் கட்டுரையில் நெல்லுக்கான உரக் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

கணக்கை முதலில் தாளில் போடுங்கள்

நிரல் எழுதும் முன் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மத்திய மற்றும் நீண்ட கால நெல் ரகங்களுக்கு எக்டருக்குத் தழைச்சத்து 150 கிலோ, மணிச்சத்து 50 கிலோ, சாம்பல் சத்து 50 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. இதை ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 60:20:20 என்று கொள்ளலாம். மண் பரிசோதனை செய்திருந்தால் மண்வள அட்டையில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும். ஆப்பிலும் "மண்வள அட்டை இருக்கிறதா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

உரங்களில் உள்ள சத்துகள் வருமாறு.

- யூரியா: தழைச்சத்து 46 சதம்
- டிஏபி: தழைச்சத்து 18 சதம், மணிச்சத்து 46 சதம்
- சூப்பர் பாஸ்பேட்: மணிச்சத்து 16 சதம்
- மியூரேட் ஆப் பொட்டாஷ்: சாம்பல் சத்து 60 சதம்

ஒரு ஏக்கருக்குக் கணக்கு:

- மணிச்சத்து 20 கிலோ வேண்டும். 20ஐ 0.46ஆல் வகுத்தால் டிஏபி 43.5 கிலோ.
- இந்த டிஏபியிலேயே 7.8 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. மீதம் தேவை 52.2 கிலோ.
- 52.2ஐ 0.46ஆல் வகுத்தால் யூரியா 113.4 கிலோ.
- சாம்பல் சத்து 20 கிலோ. 20ஐ 0.60ஆல் வகுத்தால் பொட்டாஷ் 33.3 கிலோ.

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். டிஏபியில் உள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்தால் யூரியா 130.4 கிலோ என்று வரும். அதாவது ஏக்கருக்கு 17 கிலோ கூடுதல். பணம் வீணாவதோடு பயிர் கரும்பச்சையாகி இலைச்சுருட்டுப் புழுவையும் குலைநோயையும் வரவழைக்கும். கதிர் முற்றும் நேரத்தில் சாய்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. நிரலில் ஒரே ஒரு கழித்தல் விடுபட்டால் ஊர் முழுக்க இதுதான் நடக்கும்.

டிஏபி கிடைக்காத நேரத்தில் சூப்பர் பாஸ்பேட் போடுவார்கள். அப்போது சூப்பர் 125 கிலோ, யூரியா 130.4 கிலோ, பொட்டாஷ் 33.3 கிலோ என்று கணக்கு மாறும். எனவே "மணிச்சத்துக்கு எந்த உரம் போடுகிறீர்கள்?" என்று ஆப் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது மூட்டைக் கணக்கு. வேப்ப எண்ணெய் பூசிய யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. டிஏபி, பொட்டாஷ் மூட்டைகள் 50 கிலோ. பழைய நினைவில் யூரியாவுக்கும் 50 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால் 113.4 கிலோவுக்கு 2.27 மூட்டை என்று ஆப் சொல்லும். அதை வாங்கினால் கையில் இருப்பது 102 கிலோதான். சரியான விடை இரண்டரை மூட்டை. ஆப்பின் பதிலில் கிலோவையும் மூட்டையையும் சேர்த்தே காட்டுங்கள். யூரியா முழுவதையும் ஒரே தடவையில் போடாமல் அடியுரமாகவும் மேலுரமாகவும் பிரித்து இட வேண்டும் என்ற வரியும் அதே பதிலில் இருக்கட்டும். மொத்த அளவை மட்டும் பார்த்தவர் அதை ஒரே நாளில் கொட்டிவிடக் கூடாது.

நில அளவில்தான் அதிகக் குழப்பம்

உரக் கணக்கைவிட நில அளவில்தான் ஆப்கள் அதிகம் தவறுகின்றன. நம்மிடம் பல அளவைகள் புழக்கத்தில் இருப்பதே காரணம்.

ஒரு ஏக்கர் 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. காவிரி டெல்டாவில் குழி, மா, வேலி என்று சொல்வார்கள். அங்கு 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது சுமார் 33 சென்ட். வேலி என்பது சுமார் 6.6 ஏக்கர். ஆனால் குழியின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். ஆகவே உங்கள் ஊரில் ஒரு குழி எத்தனை சதுர அடி என்று பெரியவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு ஆப்பில் போடுங்கள்.

பட்டாவில் இன்னொரு குழப்பம் உண்டு. அதில் பரப்பு எக்டர், ஏர் கணக்கில் இருக்கும். '0 - 40.50' என்றால் 0 எக்டர் 40.50 ஏர். அது சுமார் ஒரு ஏக்கர். பட்டாவைப் பார்த்து 40.50 என்று தட்டச்சு செய்பவரிடம் ஆப் அதைச் சென்ட் என்று எடுத்துக்கொண்டால், தேவையில் பாதிக்கும் குறைவான உரத்தைச் சொல்லும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட்.

மூன்றாவது குழப்பம் புள்ளி. 1.5 ஏக்கர் என்றால் ஒரு ஏக்கர் 50 சென்ட். ஒரு ஏக்கர் 5 சென்ட் வைத்திருப்பவரும் சில நேரம் 1.5 என்றே எழுதுகிறார். அவர் 1.05 என்று எழுத வேண்டும். இதைத் தவிர்க்க ஏக்கருக்கு ஒரு கேள்வி, சென்டுக்கு ஒரு கேள்வி என்று பிரித்துக் கேளுங்கள். முடிவில் "உங்கள் நிலம் 1 ஏக்கர் 5 சென்ட். சரியா?" என்று திரும்பச் சொல்லி, ஆம் என்ற பொத்தானை அழுத்திய பிறகே கணக்கைக் காட்டுங்கள்.

உரையாடலை எழுதிப் பாருங்கள்

நிரலுக்கு முன் உரையாடலை நாடகம் போல எழுதுங்கள். ஒருவர் ஆப்பாகவும் ஒருவர் விவசாயியாகவும் இருந்து வாசித்துப் பார்த்தால் தடுமாறும் இடம் தெரிந்துவிடும்.

ஆப்: வணக்கம். நெல் உரக் கணக்கு. மண்வள அட்டை இருக்கிறதா? (இருக்கிறது / இல்லை)
விவசாயி: இல்லை
ஆப்: நில அளவை எதில் சொல்கிறீர்கள்? (ஏக்கர், சென்ட் / மா, குழி / பட்டாவில் உள்ள ஏர்)
விவசாயி: மா, குழி
ஆப்: எத்தனை மா? எண்ணை அனுப்புங்கள்.
விவசாயி: 1
ஆப்: அதற்கு மேல் எத்தனை குழி? இல்லையென்றால் 0 அனுப்புங்கள்.
விவசாயி: 0
ஆப்: 1 மா, அதாவது சுமார் 33 சென்ட். சரியா? (ஆம் / இல்லை)
விவசாயி: ஆம்
ஆப்: மணிச்சத்துக்கு எந்த உரம்? (டிஏபி / சூப்பர்)
விவசாயி: டிஏபி
ஆப்: மத்திய, நீண்ட கால நெல், 33 சென்ட். டிஏபி 14.3 கிலோ. யூரியா 37.4 கிலோ, பிரித்து இடவும். பொட்டாஷ் 11 கிலோ. இது பொதுப் பரிந்துரை. மண் பரிசோதனை செய்தால் அளவு மாறும்.

கேள்விகள் ஐந்தாறுக்கு மேல் போக வேண்டாம். சொற்கள் உங்கள் ஊர்ப் பேச்சில் இருக்கட்டும். மணிச்சத்து என்பதைவிட டிஏபி என்ற பெயரே பலருக்குத் தெரியும் என்றால் அதையே பொத்தானில் எழுதுங்கள். படங்களைக் குறைத்து எழுத்தை வையுங்கள். வயலில் சிக்னல் குறைவாக இருந்தாலும் எழுத்து வந்து சேரும்.

டெலிகிராமா, வாட்ஸ்அப்பா?

கற்றுக்கொள்வதற்கு டெலிகிராம் எளிது. பாட் உருவாக்கக் கட்டணம் இல்லை. நிறுவனப் பதிவும் தேவையில்லை. கணினி உள்ள மாணவர் ஒரு மாலையில் முதல் பாட்டை இயக்கிவிடலாம்.

ஆனால் விவசாயிகள் அதிகம் இருப்பது வாட்ஸ்அப்பில். 2018ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வாழ்த்துச் செய்தி, தயார் பதில், பொருள் பட்டியல் ஆகியவை உண்டு. விதை, இடுபொருள் விற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு அது உதவும். ஆனால் அதில் கணக்குப் போட முடியாது. கணக்குப் போடும் உரையாடலுக்கு நிறுவனங்களுக்கான வாட்ஸ்அப் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். அதன் விதிகளில் முக்கியமானவை:

- ஒரு செய்தியில் பதில் பொத்தான்கள் மூன்றுதான் வைக்கலாம். பட்டியலாகக் கொடுத்தால் பத்து வரிகள் வரை வைக்கலாம்.
- பொத்தானில் 20 எழுத்துக்குறிகளுக்கு மேல் இடமில்லை. தமிழில் மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் சொல் சுருக்கமாக இருக்க வேண்டும்.
- விவசாயி கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தாராளமாகப் பதில் அனுப்பலாம். அதன்பின் முன்அனுமதி பெற்ற செய்தி வடிவங்களையே அனுப்ப முடியும். அதற்குக் கட்டணம் உண்டு.

சாதாரண வாட்ஸ்அப் எண்ணைத் தானாகப் பதில் சொல்ல வைக்கும் அனுமதியற்ற மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவை வாட்ஸ்அப் விதிக்கு எதிரானவை. எண் முடக்கப்படலாம். பல ஆண்டுகளாக விவசாயிகள் சேமித்து வைத்திருக்கும் குழு எண்ணை இப்படி இழக்க வேண்டாம்.

இரண்டுக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு. கணக்கை ஒரு சிறிய இணையப் பக்கமாகச் செய்துகொள்ளுங்கள். டெலிகிராமில் அது பொத்தானை அழுத்தினால் உரையாடலுக்குள் திறக்கும் மினி ஆப்பாக இயங்கும். வாட்ஸ்அப் குழுவில் அதே பக்கத்தின் இணைப்பை அனுப்பினால் பிரவுசரில் திறக்கும். கணக்கு ஒரே இடத்தில் இருப்பதால் திருத்தமும் ஒரே இடத்தில் செய்தால் போதும்.

உருவாக்கும் படிகள்

கீழே உள்ளவை டெலிகிராமுக்கானவை. நிரல் எழுதும் இளைஞரிடம் இந்தப் பகுதியைக் காட்டுங்கள்.

1. டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற அதிகாரப்பூர்வக் கணக்கைத் தேடுங்கள். நீல நிறச் சரிபார்ப்புக் குறி இருப்பதை உறுதி செய்யுங்கள். புதிய பாட்டுக்கான கட்டளையை அனுப்பிப் பெயர் வையுங்கள். பயனர் பெயர் 'பாட்' என்ற ஆங்கிலச் சொல்லில் முடிய வேண்டும்.

2. டோக்கன் என்ற நீண்ட குறியீடு கிடைக்கும். அது பாட்டின் சாவி. அதை வைத்திருக்கும் எவரும் உங்கள் பெயரில் விவசாயிகளுக்குச் செய்தி அனுப்பலாம். குழுவில் பகிராதீர்கள், நிரலைப் பொதுவில் வெளியிடும்போது அதோடு சேர்த்து விடாதீர்கள். வெளியே போய்விட்டால் பாட்ஃபாதரிடமே பழையதை ரத்து செய்து புதியது வாங்கலாம்.

3. பைத்தான் அல்லது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நிரல் எழுதலாம். பழகும்போது வீட்டுக் கணினியிலேயே இயக்கலாம். கணினியை நிறுத்தினால் பாட் பதில் சொல்லாது. அந்த நேரத்தில் வரும் செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம் வரையே வைத்திருக்கும். எல்லோருக்கும் திறந்துவிடும் முன் எப்போதும் இயங்கும் சர்வருக்கு மாற்றுங்கள்.

4. பொத்தானுக்குப் பின்னால் நிரலுக்கு அனுப்பப்படும் குறிப்பு 64 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு தமிழ்க் குறி 3 பைட் எடுக்கும் என்பதால் முழு வாக்கியத்தை அங்கே வைத்தால் பிழை வரும். பொத்தானில் தெரிவது தமிழாக இருக்கட்டும், பின்னால் போவது சிறு எண்ணாக இருக்கட்டும்.

5. பொத்தானை அழுத்தியதும் 'வந்து சேர்ந்தது' என்று டெலிகிராமுக்கு நிரல் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் பொத்தான் சுற்றிக்கொண்டே இருக்கும். விவசாயி திரும்பத் திரும்ப அழுத்துவார்.

6. உரச் சத்து, மூட்டை எடை, பரிந்துரை ஆகியவற்றை நிரலுக்குள் ஆங்காங்கே எழுதாமல் தனி அட்டவணையாக வையுங்கள். நிரல் தெரியாதவரும் அதைத் திறந்து சரிபார்க்க முடிய வேண்டும்.

7. மினி ஆப் பக்கம் பாதுகாப்பான இணைய முகவரியில், அதாவது எச்டிடிபிஎஸ் முகவரியில், இருக்க வேண்டும். கணக்கு விவசாயியின் செல்போனிலேயே நடக்கும்படி எழுதினால் அவருடைய விவரம் எதுவும் உங்கள் சர்வருக்கு வராது. காக்க வேண்டிய பொறுப்பும் இருக்காது.

8. பாட் தானாக யாருக்கும் முதல் செய்தி அனுப்ப முடியாது. விவசாயிதான் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தித் தொடங்க வேண்டும். இதைக் குழுவில் முன்பே விளக்கிவிடுங்கள்.

வெளியிடும் முன் சோதனை

கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்து, கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்.

- 1 ஏக்கர், டிஏபி: டிஏபி 43.5, யூரியா 113.4, பொட்டாஷ் 33.3 கிலோ வர வேண்டும்.
- 1 ஏக்கர், சூப்பர்: சூப்பர் 125, யூரியா 130.4, பொட்டாஷ் 33.3 கிலோ வர வேண்டும்.
- பட்டா அளவு 40.50 ஏர்: ஒரு ஏக்கருக்கான விடைதான் வர வேண்டும்.
- 0 என்று கொடுத்தால்: கணக்குப் போடாமல் மறுபடி கேட்க வேண்டும்.
- 'ஒன்றரை' என்று எழுத்தில் கொடுத்தால்: நின்றுவிடாமல் எண்ணாகக் கேட்க வேண்டும்.
- 200 ஏக்கர் என்று கொடுத்தால்: "200 ஏக்கரா? ஒருமுறை சரிபாருங்கள்" என்று கேட்க வேண்டும்.

பிறகு செல்போன் அதிகம் பழகாத ஐந்து விவசாயிகளிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர் எந்தக் கேள்வியில் தயங்குகிறாரோ அந்தக் கேள்வியை மாற்றி எழுதுங்கள். கடைசியாக, அட்டவணையை உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலைய விஞ்ஞானியிடமோ வட்டார வேளாண்மை அலுவலரிடமோ காட்டிச் சரிபார்த்த பிறகு வெளியிடுங்கள்.

எவற்றைச் சேர்க்கக் கூடாது?

பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி அளவுகளை முதல் ஆப்பில் சேர்க்க வேண்டாம். எந்த மருந்து எந்தப் பயிருக்கு அனுமதிக்கப்பட்டது என்பதும், தடைப் பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே மருந்து வெவ்வேறு வீரியத்தில் விற்கப்படுகிறது. லேபிளைப் படிக்காமல் ஆப்பை மட்டும் பார்த்து மருந்து கலப்பது பயிருக்கும் தெளிப்பவருக்கும் ஆபத்து. தெளிப்புக் கணக்கு வேண்டுமென்றால் பஞ்சகவ்யாவில் தொடங்கலாம். 3 சதம் என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 480 மில்லி.

செயற்கை நுண்ணறிவை இணைத்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வைக்கலாம் என்று இளைஞர்கள் ஆசைப்படுவார்கள். கேள்வியைப் புரிந்துகொள்ளவும், குரலை எழுத்தாக்கவும் அது உதவும். ஆனால் உர அளவு போன்ற எண்களை அது சொந்தமாகச் சொல்லும்படி விடாதீர்கள். தவறான எண்ணையும் தயக்கமில்லாமல் சொல்லும் இயல்பு அதற்கு உண்டு. எண் எப்போதும் சரிபார்த்த அட்டவணையிலிருந்தே வர வேண்டும்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு, பட்டா நகல் எதையும் கேட்க வேண்டாம். உரக் கணக்குக்கு நில அளவு போதும். பெயர் கூடத் தேவையில்லை. மற்றவர் விவரங்களைச் சேகரித்தால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொறுப்புகளும் வரும்.

போலிகளை அடையாளம் காண்பது

உரையாடலுக்குள் வரும் எல்லா ஆப்பும் நல்லதல்ல. 2024ல் திரையைத் தட்டினால் நாணயம் தருவதாகச் சொன்ன விளையாட்டுகள் டெலிகிராம் மினி ஆப்களாகவே பரவின. அரசுத் திட்டங்களின் பெயரில் ஏபிகே கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி வங்கிப் பணத்தைத் திருடும் மோசடியும் நடக்கிறது.

அடையாளம் எளிது. மினி ஆப்புக்கு எந்தக் கோப்பையும் பதிவிறக்கி நிறுவ வேண்டியதில்லை. ஏபிகே கோப்பை நிறுவச் சொன்னால் அதைத் தொடாதீர்கள். ஓடிபி கேட்டாலும், முன்பணம் கேட்டாலும் வெளியே வந்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் குழுவின் ஆப்புக்கும் ஒரே முகவரியை வைத்து, அதைக் கூட்டுறவுச் சங்கம், உரக்கடை, நூலகம் போன்ற இடங்களில் எழுதி ஒட்டுங்கள். வேறு முகவரியில் யாராவது அனுப்பினால் விவசாயிக்கே சந்தேகம் வரும்.

பராமரிப்பு

ஆப்பை வெளியிட்டதோடு வேலை முடியாது. ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் அட்டவணையைச் சரிபார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒவ்வொரு பதிலின் கீழும் மூன்று விவரங்கள் இருக்கட்டும்: எந்தப் பயிருக்கும் பருவத்துக்கும் உரியது, அட்டவணை எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது, சந்தேகம் என்றால் யாரைக் கேட்பது. சரிபார்த்து ஓராண்டு கடந்தால் ஆப் பதில் சொல்வதை நிறுத்திவிடும்படி நிரலிலேயே எழுதிவிடலாம். கவனிப்பாரில்லாத ஆப் பழைய அளவைச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

'இந்த அளவு தவறு போலிருக்கிறது' என்று ஒரு பொத்தானும் வையுங்கள். பல ஆண்டு அனுபவமுள்ள விவசாயி விடையைப் பார்த்ததுமே தவறைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் சொல்ல ஒரு வழி இருந்தால் அடுத்த வயல் தப்பிக்கும்.

ஆப் பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்குக் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தொடர்பு கொள்ளலாம். அந்த எண்ணையும் உங்கள் ஆப்பில் ஒரு பொத்தானாகச் சேர்த்துவிடுங்கள். பயிற்சியும் அட்டவணைச் சரிபார்ப்பும் தேவைப்படும் குழுக்கள் தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். போகும்போது தாளில் போட்ட கணக்கையும், எழுதிய உரையாடலையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.